சங்கத்தின் இணையதளம்: தோற்றக் கோளாறுகளும் அவற்றைக் களையும் முறையும்

நெய்து கொண்டிருக்கும் புடவையில் ஒரு குறை கண்டால் ஐயம்பேட்டை நெசவாளர் எவரும் பாவை அறுத்து எறிந்துவிடுவதில்லை. தறியை நிறுத்துகிறார். இழை அறுந்ததா, விழுது தேய்ந்ததா, ஜாக்கார்டு பெட்டியில் அட்டை மாறி விழுந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். காரணம் இன்னதென்று தெரிந்த பிறகே கை வைக்கிறார். இந்த நிதானம் அவருக்குப் பரம்பரையாக வந்தது. ஆனால் அதே நெசவாளர்கள் கூடி நடத்தும் சங்கத்தின் இணையதளத்தில் ஒரு கோளாறு தோன்றினால் இந்த நிதானம் எங்கோ போய்விடுகிறது. "பக்கம் கெட்டுவிட்டது, புதிதாகச் செய்ய வேண்டும்" என்று தீர்மானம் எழுதப்படுகிறது. அதற்காகும் தொகை அங்கத்தினர்களின் பணம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் பார்வைக்கு நான் சென்றிருந்தேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில், இருக்கும் இணையதளத்தைக் கைவிட்டுப் புதியதொன்று செய்விப்பது என்பது ஒரு பொருளாக இருந்தது. குறைகள் யாவை என்று வினவினேன். நான்கு சொன்னார்கள். கைபேசியில் பார்த்தால் புடவையின் கரை வெட்டுப்பட்டுப் போகிறது. தமிழ் எழுத்துக்கள் ஒரு பக்கத்தில் புரியாத குறிகளாக இருக்கின்றன. மேலே இருந்த பட்டியல் காணவில்லை. விலையை மாற்றியும் பழைய விலையே தெரிகிறது. அன்று பிற்பகல் காரியதரிசியும் எழுத்தரும் நானும் உட்கார்ந்து பார்த்ததில் நான்கும் காசு செலவின்றி நேராயின. புதிய இணையதளத் தீர்மானம் கைவிடப்பட்டது. அந்த நான்கையும் அவற்றை ஒத்த வேறு சிலவற்றையும் அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதே சங்கத்திற்குப் பின்னர் நேர்ந்த ஒரு நஷ்டத்தையும் முடிவில் கூறுவேன். அதில் என் பங்கும் உண்டு.

தீம் என்பது யாது?

இணையதளத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று உள்ளடக்கம்: புடவையின் பெயர், விலை, படம், சங்கத்தின் முகவரி ஆகியன. மற்றொன்று தோற்றம்: எழுத்தின் அளவு, வண்ணம், படம் நிற்கும் இடம், பட்டியல் அமையும் விதம் ஆகியன. தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுதியே தீம் எனப்படும்.

இதை விளங்கிக்கொள்ள நம்மைவிடத் தகுதியானவர் எவருமில்லை. 1804-ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தில் ஜாக்கார்டு என்பவர் அமைத்த பெட்டியில், துளையிட்ட அட்டைகள் எந்த இழை எழும்ப வேண்டும் என்பதைச் சொல்கின்றன. பட்டும் ஜரிகையும் வேறு, அட்டை வேறு. பட்டை மாற்றாமலே அட்டையை மாற்றினால் புட்டா மாறுகிறது. இந்த அட்டை முறையையே சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்திற்குக் கடனாகப் பெற்றார். கணிப்பொறியின் முன்னோர்களில் நமது தறியும் ஒன்று என்று சொன்னால் மிகையன்று. இணையப் பக்கத்தின் பொருளையும் தோற்றத்தையும் பிரித்து வைக்கும் சி.எஸ்.எஸ். என்னும் முறையை 1994-இல் ஹோகன் லீ என்பவர் முன்மொழிந்தார். தீம் என்பது இணையதளத்தின் அட்டைக் கட்டு என்று கொண்டால் பாதி குழப்பம் நீங்கும்.

சங்கங்கள் உபயோகிக்கும் இணையதளங்கள் பலவும் 2003-இல் வெளிவந்த வேர்டுபிரஸ் என்னும் மென்பொருளால் ஆனவை. அது இலவசமாகக் கிடைப்பது. அதனுடன் தீம் ஒன்றும், பிளகின் எனப்படும் துணை நிரல்கள் சிலவும் சேர்கின்றன. விற்பனைக்கு வூகாமர்ஸ் என்னும் பிளகினைச் சேர்ப்பது வழக்கம். ஆகவே, குறை தோன்றினால் அது உள்ளடக்கத்திலோ, தீமிலோ, பிளகினிலோ, பார்ப்பவரின் கருவியிலோ இருக்கலாம். இவற்றுள் எது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

கை வைக்கு முன் கேட்க வேண்டியவை

முதலாவது: இக்குறை எல்லோருக்கும் தெரிகிறதா, ஒருவருக்கு மட்டுமா? மற்றொருவர் கைபேசியில் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது: எல்லாப் பக்கங்களிலுமா, ஒரே பக்கத்திலா? ஒரே பக்கத்தில் என்றால் தீமைக் குறை சொல்வதற்கு முன் அப்பக்கத்தில் எழுதியதைப் பார்க்க வேண்டும். மூன்றாவது: கடைசியாக என்ன மாற்றப்பட்டது, யாரால், எப்போது? நேற்று வரை நன்றாயிருந்தது இன்று கெட்டதாயின் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் ஏதோ நிகழ்ந்திருக்க வேண்டும். இம்மூன்றுக்கும் விடை எழுதிக்கொண்டால் பெரும்பாலும் வழி புலப்படும்.

மாற்றியும் பழையதே தெரிதல்

விலையை மாற்றியிருக்கிறோம், ஆனால் பழைய விலையே தெரிகிறது. இது அடிக்கடி வரும் முறையீடு. பக்கத்தை விரைவில் காட்டும் பொருட்டு, ஒரு முறை பார்த்ததன் நகலை பிரௌசர் சேமித்து வைக்கிறது. இதற்குக் கேச் என்று பெயர். இணையதளத்திலும் இதே வேலையைச் செய்யும் பிளகின் இருக்கலாம். இடம் கொடுக்கும் நிறுவனத்தின் கணிப்பொறியிலும் ஒரு நகல் இருக்கலாம். மூன்று இடங்களில் பழைய நகல் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கணிப்பொறியில் கண்ட்ரோல் விசையுடன் எப்-5 விசையை அழுத்தினால் பிரௌசர் பக்கத்தைப் புதிதாக வரவழைக்கும். பிரௌசரின் தனிச் சாளரத்தில் திறந்து பார்ப்பதும் நல்ல சோதனை. அங்கும் பழையதே தெரிந்தால், கேச் பிளகினில் உள்ள அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கண்ட சங்கத்தில் இது ஒன்றே போதுமானதாயிருந்தது. எழுத்தர் மூன்று நாட்களாக அதே விலையை மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டிருந்தார். அவர் முதல் நாள் செய்த திருத்தமே சரியாகத்தான் இருந்தது.

தமிழ் எழுத்து சிதைதல்

தமிழ் எழுத்துக் கோளாறில் மூன்று வகை உண்டு. காரணம் வேறு, பரிகாரமும் வேறு.

முதல் வகை: தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் தோன்றுதல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியதால் வருவது இது. அவ்வெழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தே வெளிப்படும். இது தீமின் குற்றமன்று. எத்தனை தீம் மாற்றினாலும் தீராது. அந்த வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றியோ, புதிதாக அடித்தோ இடவேண்டும். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக ஏற்றிருக்கிறது. சங்கத்தின் கடிதங்களையும் இனி யூனிகோடிலேயே அடிப்பது நலம்.

இரண்டாம் வகை: தலைப்பு ஒரு வடிவிலும் உடல் வாசகம் வேறு வடிவிலும் பொருந்தாமல் நிற்றல். தீமில் குறிக்கப்பட்ட எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், பார்ப்பவரின் கருவி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்கிறது. ஆகவே கருவிக்குக் கருவி தோற்றம் மாறும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், காடமரான் போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றைத் தீமின் எழுத்துரு அமைப்பில் குறித்துவிட்டால் இது நேராகும்.

மூன்றாம் வகை: எழுத்தின் மேற்கொம்போ அடிச்சுழியோ வெட்டுப்படுதல். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த தீம்களில் வரிகளுக்கிடையே இடம் குறைவு. தமிழில் 'கீ', 'மூ' போன்றவை மேலும் கீழும் நீள்வன. வரி உயரத்தை எழுத்தின் அளவைப் போல் 1.6 மடங்கு அல்லது சற்று அதிகமாக வைத்தால் எழுத்து முழுமையாகத் தெரியும். எழுத்துக்களுக்கிடையே கூடுதல் இடைவெளி விடும் அமைப்பு இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும்.

படம் வெட்டுப்படுதல்

நமக்கு இது எல்லாவற்றிலும் முக்கியமானது. காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு வண்ணமும் கரை வேறு வண்ணமுமாகக் கோர்வை போட்டு, மூன்று நாடா ஓட்டி நெய்வதன் உழைப்பை நாம் அறிவோம். புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பட்டுக்கு வாங்குபவர் கொடுக்கும் விலையில் பெரும் பகுதி அந்தக் கரைக்கும் முந்தானைக்குமே உரியது. வூகாமர்ஸில் சிறு படங்கள் இயல்பாகவே சதுரமாக வெட்டப்படுகின்றன. நீளவாக்கில் எடுத்த புடவைப் படத்தைச் சதுரமாக்கினால் நடுப்பகுதி மட்டும் நிற்கும். கரையும் முந்தானையும் போய்விடும். எஞ்சியிருப்பது ஒரு வண்ணத் துணி. அதற்கு ஏன் இத்தனை ரூபாய் என்று பார்ப்பவர் நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை.

பரிகாரம் எளிது. பழைய வகைத் தீம்களில், தோற்றம் என்னும் பகுதியில் தனிப்பயனாக்கு என்பதைத் திறந்து, வூகாமர்ஸின் கீழுள்ள பொருட் படங்கள் என்னும் இடத்தில், வெட்டாமல் காட்டு என்பதையோ நமக்கேற்ற நீள அகல விகிதத்தையோ தெரிவு செய்யலாம். சிறு படங்கள் மறுபடி உருவாகச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் மாறவில்லை என்று மீண்டும் மாற்றலாகாது.

படத்தின் வண்ணம் நேரில் உள்ளது போலில்லை என்ற முறையீடும் உண்டு. இதில் தீமுக்குத் தொடர்பு மிகக் குறைவு. படம் எடுத்த வெளிச்சமும், பார்ப்பவர் திரையின் தன்மையுமே பெரும்பாலும் காரணம். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் படம் எடுப்பதும், வண்ணத்தை வார்த்தையிலும் எழுதி வைப்பதும் நமது கையில் உள்ளவை.

கைபேசியில் மட்டும் கோணல்

கணிப்பொறியில் நன்றாயிருந்து கைபேசியில் கெடுவது பல இடங்களில் காணும் குறை. பக்கம் முழுவதும் சுருங்கிப் பொடி எழுத்தாகத் தெரிந்தால், திரையின் அகலத்துக்கேற்பப் பக்கத்தை அமைக்கும்படி சொல்லும் குறிப்பு அத்தீமில் இல்லை என்று கொள்ளலாம். அத்தகைய பழைய தீமைத் திருத்துவதைவிட மாற்றுவதே சிக்கனம்.

பக்கம் வலப்புறமாக நழுவி ஓடினால், திரையைவிட அகலமான ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்பது பொருள். விவசாயச் சங்கங்களின் பக்கங்களில் இது பெரும்பாலும் அட்டவணையாக இருக்கும். விதையின் பெயர், ரகம், எடை, விலை, இருப்பு, தேதி என்று ஆறு பத்திகள் போட்டால் கைபேசித் திரை தாங்காது. இன்றியமையாத மூன்று பத்திகளை மட்டும் வைப்பதோ, அட்டவணை மட்டும் தனியே நகரும்படி அமைப்பதோ நல்லது. இடைவெளியின்றிச் சேர்த்தெழுதிய நீண்ட தமிழ்ச் சொற்களும் சில வேளை இவ்விதம் செய்யும்.

பட்டியலும் அமைப்புகளும் காணாமற் போதல்

தீமை மாற்றியவுடன் மேற்பட்டியல் மறைந்தால் அஞ்ச வேண்டாம். பட்டியல் அழியவில்லை, புதிய தீமில் அது நிற்க வேண்டிய இடம் குறிக்கப்படவில்லை. பட்டியல் பகுதியில் இடத்தைக் குறித்தால் திரும்பிவிடும். வண்ணம், சின்னம் முதலிய அமைப்புகள் தீமுக்குத் தீம் தனித்தனியே சேமிக்கப்படுவன. பழைய தீமுக்குத் திரும்பினால் அவையும் திரும்பும்.

"தனிப்பயனாக்கு என்னும் பகுதியே காணோம்" என்று சிலர் கேட்கிறார்கள். 2022 ஜனவரியில் வெளிவந்த வேர்டுபிரஸ் 5.9 பதிப்பு முதல், பிளாக் தீம் என்னும் புதுவகை வழக்கத்துக்கு வந்தது. அவ்வகைத் தீமில் அந்தப் பகுதிக்குப் பதிலாக எடிட்டர் என்னும் பகுதி இருக்கும். மேற்பகுதி, அடிப்பகுதி, எழுத்துரு, வண்ணம் யாவும் அதற்குள் அமைக்கப்படும். தொலைந்தது ஒன்றுமில்லை, இடம் மாறியிருக்கிறது.

முகப்பில் சங்கத்தின் அறிமுகத்துக்குப் பதிலாகப் பழைய அறிவிப்புகள் வரிசையாகத் தெரிந்தால், அமைப்புகள் பகுதியில் வாசிப்பு என்பதைத் திறந்து, முகப்பாக நிற்க வேண்டிய பக்கத்தைக் குறிக்க வேண்டும். அதே இடத்தில், தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்றொரு கட்டம் உண்டு. தளம் கட்டும்போது அதில் குறியிட்டுவிட்டு, முடிந்த பின் எடுக்க மறப்பவர் உண்டு. அக்குறி இருக்கும் வரை கூகுளில் தேடுபவர் கண்ணில் நமது சங்கம் படுவது அரிது. முகப்பு மட்டும் திறந்து மற்றப் பக்கங்கள் "காணப்படவில்லை" என்று வந்தால், நிரந்தர இணைப்புகள் என்னும் பகுதியைத் திறந்து, ஒன்றும் மாற்றாமல் சேமித்தாலே பல வேளை சரியாகும்.

காரணம் தெரியாதபோது

மேற்கூறியவை எவற்றாலும் தீராதபோது ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். முதலில் தளம் முழுவதற்கும் ஒரு காப்பு நகல் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மேற்செல்லலாகாது. பிறகு பிளகின்களை நிறுத்தி, ஒவ்வொன்றாக இயக்கி, எதை இயக்கியதும் குறை திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். எதனாலும் இல்லையென்றால், வேர்டுபிரஸுடன் வரும் இயல்பான தீமுக்குச் சிறிது நேரம் மாற்றிப் பார்க்கலாம். அப்போது குறை மறைந்தால் அது தீமின் குறை. கடை திறந்திருக்கும்போது இவ்விதம் செய்ய மனம் வராது. அதற்கென ஹெல்த் செக் என்னும் இலவசப் பிளகின் உண்டு. அதன் சோதனை நிலையில், மாற்றங்கள் சோதிப்பவருக்கு மட்டும் தெரியும். வாங்க வருபவருக்குத் தளம் வழக்கம் போல் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதே விதி. மூன்றை ஒருங்கே மாற்றிக் குறை தீர்ந்தால், எதனால் தீர்ந்தது என்பது தெரியாமற் போகும். மறுமுறை வரும்போது மீண்டும் இருட்டில் தேட வேண்டியதுதான்.

தீமின் கோப்புக்குள் நேரே சென்று திருத்துவதையும் தவிர்க்க வேண்டும். தீமின் புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய கோப்புகளின் இடத்தில் புதியவை உட்காரும். நமது திருத்தம் அழிந்துவிடும். தொலைபேசி எண் முதலியவற்றை அதற்குரிய அமைப்பில் எழுத வேண்டும். சிறு தோற்ற மாற்றங்களைக் கூடுதல் சி.எஸ்.எஸ். என்னும் இடத்தில் எழுதலாம். பெரிய மாற்றம் வேண்டுமாயின் சேய்த் தீம் ஒன்றை அமைக்கச் சொல்ல வேண்டும். இவை புதுப்பித்தலால் அழியா.

சாவி யாரிடம் இருக்கிறது?

இனி முதலில் கூறிய சங்கத்துக்கு வருகிறேன். நான்கு குறைகளும் நீங்கிய பிறகு தளம் நன்றாக நடந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் எழுத்தர் தீமைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினார். புதிய தீமும் பழைய பிளகின் ஒன்றும் ஒத்துப்போகவில்லை. தளம் முழுவதும் மறைந்து, கடும் பிழை என்னும் ஒரு வரி மட்டும் நின்றது. நிர்வாகப் பகுதிக்குள்ளும் நுழைய முடியவில்லை.

2019-இல் வந்த 5.2 பதிப்பு முதல் வேர்டுபிரஸ் இதற்கொரு வழி வைத்திருக்கிறது. இவ்விதம் நேர்ந்தால் உள்ளே நுழைவதற்கான மீட்பு இணைப்பு ஒன்றை நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு அது அனுப்பும். இங்கும் அனுப்பியது. ஆனால் அங்கே குறிக்கப்பட்டிருந்தது, தளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு எப்போதோ வேறு வேலைக்குச் சென்றுவிட்ட ஒப்பந்தக்காரரின் முகவரி. தளப் பெயரும் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. இடம் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கும் அவருடையதே. அவரைத் தேடிப் பிடித்துச் சாவியைப் பெறுவதற்குள் தீபாவளி கழிந்துவிட்டது. அந்த மூன்று வாரங்களில் அலமாரியில் நின்ற புடவைகளுக்கு உரிய கூலியும் பாவும் பின்தங்கின. சிலர் பொங்கல் வரை தறியை ஒட்டாமல் வைத்திருந்தார்கள்.

நான் அன்று பிற்பகல் படத்தையும் எழுத்தையும் பார்த்தேனேயன்றி, சாவி யாரிடம் என்று கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் இரும்புப் பெட்டியின் சாவி யார் வசம் என்று முதலில் பார்ப்பவன், இங்கே அதைக் கேட்கத் தவறினேன். அது முதல் எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும் இக்கேள்வியையே முதலில் கேட்கிறேன்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றை உடனே செய்ய வேண்டுகிறேன். தளப் பெயரும் இடக் கணக்கும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். அவற்றைப் புதுப்பிக்கும் தேதிகள் பதிவேட்டில் ஏற வேண்டும். நிர்வாகி மின்னஞ்சலாக, தனி ஒருவருடையதன்றி, சங்கத்தின் முகவரியே குறிக்கப்பட வேண்டும். கடவுச் சொற்களை முத்திரையிட்ட உறையில் இரும்புப் பெட்டியில் வைத்து, பொறுப்பாளர் மாறும்போது அவற்றையும் மாற்ற வேண்டும். புதுப்பிக்கும் முன் காப்பு நகல் எடுக்க வேண்டும். பண்டிகைக் காலத்துக்குச் சற்று முன்னர், பாதுகாப்புக்கு இன்றியமையாதவை தவிர, புதுப்பித்தலைத் தள்ளி வைக்க வேண்டும். செய்த மாற்றம், தேதி, செய்தவர் என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். அதன் விலை மிகச் சொற்பம்.

தளத்தைக் கட்ட வெளியாரை அமர்த்துவதில் தவறில்லை. பாவு போடுவதற்கும் அட்டை துளையிடுவதற்கும் அவரவர் இருக்கிறார்கள் அல்லவா? ஆனால் தறி நமதாக இருக்க வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவராவது எழுந்து, "நமது தளத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்பாராயின் இக்கட்டுரை எழுதிய பயன் கிட்டிவிடும்.